ஜூடி எழுதிக் கிழித்த கடிதம்

ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓடி முடிந்த நிலையில், ஜூடி என்ற பெண் ஒரு விடுதி அறையில் தனியாக நிற்கிறாள். தெருவில் அவளைக் கண்டு பின்தொடர்ந்து வந்து, கதவைத் தட்டி, கெஞ்சிக் கேட்டு, இரவு உணவுக்கு வரச் சம்மதமும் வாங்கிக்கொண்ட ஸ்காட்டி என்ற ஆண் சற்று முன்புதான் வெளியேறியிருக்கிறான். படம் தொடங்கியதிலிருந்து அவன் போகும் இடமெல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்த கேமரா இம்முறை அவனோடு போகாமல் அவளுடன் அறையிலேயே தங்கிவிடுகிறது. அவள் மெல்லத் திரும்பி நம்மை நேராகப் பார்க்கிறாள். மணிக்கூண்டின் உச்சியில் உண்மையில் என்ன நடந்தது என்பது அவள் நினைவின் வழியாக நமக்குத் தெரியவருகிறது. அதன்பின் அவனுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறாள். எழுதியதைக் கிழித்தும் போடுகிறாள்.

பெண்ணியத் திரைக் கோட்பாட்டை இன்று யார் பேசத் தொடங்கினாலும், லாரா மல்வி 1975இல் பிரிட்டனின் 'ஸ்க்ரீன்' இதழில் எழுதிய 'காட்சி இன்பமும் கதைசொல்லும் சினிமாவும்' என்ற கட்டுரையைத் தொடாமல் போக முடியாது. 'ஆண்பார்வை' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் கருத்து திரைப்பட ஆய்வுக்குள் வேரூன்றியது அந்தக் கட்டுரையால்தான். அதில் மல்வி விரிவாக எடுத்துக்கொள்ளும் படங்களுள் ஒன்று வெர்டிகோ. ஆனால் நான் மேலே சொன்ன காட்சிக்கு அந்தக் கட்டுரையில் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. ஜூடியின் பக்கத்திலிருந்து வரும் ஒரேயொரு நினைவுக் காட்சியைத் தவிர, மற்றபடி கதை முழுவதும் ஸ்காட்டி எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்கத் தவறுகிறான் என்பதைச் சுற்றியே பின்னப்பட்டிருக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தின் முன்பாதியாக அது வந்து போகிறது. அந்த விதிவிலக்கில்தான் படத்தின் முழு எடையும் தங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதைப் பார்க்கும் கண்ணை நமக்குத் தந்தது மல்வியின் கட்டுரைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்டுரையின் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையரங்கின் இருளில் அமர்ந்திருக்கும் நமக்கு, நம்மை யாரும் பார்க்காதபோது பிறரைப் பார்க்கும் இன்பம் கிடைக்கிறது. ஃபிராய்டிடமிருந்து மல்வி எடுத்துக்கொள்ளும் கருத்து இது. திரையில் தெரியும் நாயகனோடு நம்மை இணைத்துக்கொள்ளும் இன்பம் இரண்டாவது. கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு மகிழும் குழந்தையைப் பற்றிப் பிரெஞ்சு உளப்பகுப்பாளர் லக்கான் சொன்னதை அவர் இதற்குத் துணையாகக் கொள்கிறார். ஹாலிவுட் இந்த இரண்டு இன்பங்களையும் பால் அடிப்படையில் பிரித்து வைத்தது; ஆண் பார்ப்பான், கதையை நகர்த்துவான்; பெண் பார்க்கப்படுவாள், அவள் வரும்போது கதை சற்று நின்று அவளைப் பார்க்கவிடும். கேமராவின் பார்வை, அரங்கில் இருப்பவர்களின் பார்வை, பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை என மூன்று பார்வைகள் உள்ளன. முதல் இரண்டும் இருப்பதே தெரியாதபடி மறைக்கப்பட்டு, நாயகனின் கண் ஒன்றே நம் கண்ணாகிவிடுகிறது. பார்க்கப்படும் பெண் ஆணுக்குள் எழுப்பும் அச்சத்தை ஆற்றிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு என்கிறார் மல்வி: அவளைத் துருவித் துருவி ஆராய்ந்து, குற்றவாளியாக்கி, தண்டிப்பது ஒன்று, அவளைக் குறையற்ற வழிபாட்டுப் பொருளாக மாற்றுவது மற்றொன்று. ஹிட்ச்காக்கிடம் இரண்டும் இருக்கின்றன.

வெர்டிகோவைப் பார்க்காதவர்களுக்காகக் கதையையும் சொல்லிவிட வேண்டும். முடிவைச் சொல்லாமல் இந்த வாதத்தை நடத்த முடியாது. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் அச்சத்தால் காவல்துறை வேலையை விட்ட ஸ்காட்டியை (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்), பழைய கல்லூரி நண்பன் கேவின் எல்ஸ்டர் அழைத்துத் தன் மனைவி மேடலினைக் கண்காணிக்கச் சொல்கிறான். கார்லோட்டா என்ற இறந்துபோன மூதாதையின் ஆவி அவளைப் பிடித்திருக்கிறதாம். ஸ்காட்டி அவளைப் பின்தொடர்கிறான், காதலிக்கிறான், அவள் மணிக்கூண்டிலிருந்து விழுவதைத் தடுக்க முடியாமல் மனம் உடைகிறான். பின்னர் தெருவில் அவளைப் போலவே இருக்கும் ஜூடி என்ற கடைப் பணிப்பெண்ணைக் கண்டு, உடை, காலணி, தலைமுடி எல்லாவற்றையும் மாற்றி அவளை மேடலினாக ஆக்குகிறான். உண்மையில் அவன் பின்தொடர்ந்ததே ஜூடியைத்தான். எல்ஸ்டர் தன் மனைவியைக் கொன்று, அதைத் தற்கொலையாகக் காட்ட ஒரு சாட்சி தேவைப்பட்டதால், ஜூடியை மனைவியாக நடிக்க வைத்திருந்தான். இரு வேடங்களிலும் நடித்தவர் கிம் நோவாக்.

மல்வியின் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. ஏர்னீஸ் உணவகத்தில் ஸ்காட்டி அவளை முதலில் பார்க்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். சிவந்த சுவர்கள், மேசைகள் நிறைந்த கூடத்துக்கு அப்பால் ஒரு பெண்ணின் திறந்த முதுகும் பச்சை நிறப் போர்வையும் மட்டும் தெரிகின்றன. அவள் எழுந்து வந்து அவனருகே ஒரு கணம் நிற்கும்போது அவள் முகம் பக்கவாட்டில், நாணயத்தில் பொறித்த உருவம் போலத் தெரிகிறது. ஆனால் இந்தக் காட்சியை மெதுவாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். கேமரா ஸ்காட்டியின் கண்ணாக இருந்து அவளை நெருங்குவதில்லை. மதுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் அவனிடமிருந்து விலகிப் பின்வாங்கி, கூடம் முழுவதையும் கடந்து, தானாகவே அவளை நோக்கிப் போகிறது. அவன் கண் எட்டுவதற்கு முன்பே கேமரா அவளைக் கண்டுவிடுகிறது. மறைந்திருப்பதாக மல்வி சொன்ன அந்தப் பார்வை இங்கே கொஞ்ச நேரம் வெளியே வந்து நடமாடுகிறது.

அதற்குப் பிறகு வரும் நீண்ட பின்தொடர்தலில் பேச்சு மிகக் குறைவு. சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளமான தெருக்களில் அவள் கார் முன்னே போக, அவன் பின்னே போகிறான். பூக்கடை, கல்லறைத் தோட்டம், ஓவியக் காட்சியகம், கோல்டன் கேட் பாலத்தின் அடிவாரம் என்று அது நீள்கிறது. பூக்கடையில் கதவைச் சிறிது திறந்து அவன் எட்டிப் பார்க்கும்போது, கதவில் பதித்த கண்ணாடியில் அவள் உருவமும் இடுக்கில் அவன் முகமும் ஒரே சட்டகத்துக்குள் வருகின்றன. ஒளிந்து பார்ப்பவனையும் பார்க்கப்படும் பிம்பத்தையும் இவ்வளவு துல்லியமாக அருகருகே வைத்த காட்சி ஹிட்ச்காக்கிடமே அரிது.

இரண்டாம் முறை பார்ப்பவருக்கு இவை அனைத்தும் தலைகீழாகின்றன. அவள் ஒருமுறைகூட அவன் பக்கம் திரும்புவதில்லை. திரும்பாமல் இருப்பதுதான் அவளுக்குத் தரப்பட்ட வேலை. தன்னை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நொடிக்கு நொடி அறிந்தபடி, அறியாதவள் போல நடப்பதற்கு அவள் அமர்த்தப்பட்டிருக்கிறாள். பாலத்தின் அடியில் வளைகுடாவுக்குள் குதிக்கும் அவளைக் காப்பாற்றி, தன் வீட்டுக்குக் கொண்டுபோய், ஈர உடைகளைக் களைந்து ஸ்காட்டி படுக்க வைத்திருக்கிறான். அவள் விழிக்கும்போது அந்த உடைகள் சமையலறையில் காய்ந்துகொண்டிருக்கின்றன. முதல் முறை பார்க்கையில் இது கண்ணியமும் கிளர்ச்சியும் கலந்த காட்சியாகத் தோன்றும். குதித்ததே நாடகம் என்று தெரிந்த பின்னர் அவள் மயக்கத்தை நம்ப முடியாது. அந்நிய ஆண் ஒருவன் தன் உடைகளைக் களையும்போது, கண்களைத் திறக்காமல் கிடந்த பெண் அவள் என்றாகிறது. இதைப் பற்றிப் படத்தில் யாரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்த மௌனத்தை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

ஆண்பார்வை பற்றிய பேச்சில் பார்ப்பவனுக்கு எல்லா அதிகாரமும் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஸ்காட்டியின் பார்வையோ தொடக்கம் முதலே இன்னொரு ஆண் அமைத்துக் கொடுத்த காட்சிக்குள் அடைபட்டிருக்கிறது. எந்த நிற உடை, எந்தக் கொண்டை, எந்த ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் எல்ஸ்டர் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறான். பெண்ணிய விமர்சகர் டானியா மாட்லெஸ்கி 1988இல் ஹிட்ச்காக்கைப் பற்றி எழுதிய நூலில், இந்த ஆண் பாத்திரங்கள் பெண்களை ஆள்வதோடு நிற்காமல், தம்மை அந்தப் பெண்களின் இடத்தில் வைத்தும் காண்கிறார்கள் என்று வாதிட்டார். ஹிட்ச்காக்கைப் பெண் வெறுப்பாளர் என்று ஒதுக்குவதும், பெண்களுக்குப் பரிந்தவர் என்று கொண்டாடுவதும் ஒரே அளவு போதாதவை என்பது அவர் நிலைப்பாடு. மேடலினை இழந்த ஸ்காட்டி அவள் கண்ட கனவையே தானும் காண்கிறான், அவள் விழுந்ததாகச் சொன்ன புதைகுழிக்குள் தானும் விழுகிறான் என்பதைக் கவனித்தால், மாட்லெஸ்கி சொல்வதன் வலு புரியும்.

அப்படியிருந்தும், தான் ஏமாந்தவன் என்பதை அறியாத ஸ்காட்டி, எல்ஸ்டர் செய்த அதே வேலையைச் செய்கிறான். துணிக்கடையில் சாம்பல் நிற உடையைத்தான் வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்க, ஜூடி மூலையில் ஒதுங்கி நிற்க, தனக்கு என்ன வேண்டும் என்பது இந்த ஐயாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று கடைக்காரப் பெண் பாராட்டாகச் சொல்கிறாள். பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய உரையாடலில் ஹிட்ச்காக், இந்த உடை மாற்றங்களை ஒரு பெண்ணைத் துகிலுரிவதன் தலைகீழ் வடிவமாகவே தான் படமாக்கியதாக ஒளிவுமறைவின்றி விளக்கினார். ஆக, இயக்குநருக்குத் தெரியாமல் நடந்த எதையும் விமர்சகர்கள் கண்டுபிடிக்கவில்லை. இதனால் மல்வியின் வாதம் பலவீனப்படுவதாக நான் கருதவில்லை. தெரிந்து செய்வதும் அதே இன்பத்தைப் பார்வையாளருக்கு வழங்கத்தானே செய்கிறது? அந்த இன்பத்தை எப்போது, எதனால் தடுக்கிறார்கள் என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

தடுப்பது ஜூடியின் கடிதம். பொய்லோ, நார்சிஜாக் என்ற பிரெஞ்சு இரட்டையர் எழுதிய மூல நாவலில் இந்த உண்மை கடைசியில்தான் வெளிப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்தது படம். தன்னுடன் பணியாற்றியவர்கள் அந்த மாற்றத்தை எதிர்த்ததாகவும், வியப்பைவிட எதிர்பார்ப்பின் பதற்றமே மேலானது என்பதால் தான் அதைச் செய்ததாகவும் ஹிட்ச்காக் த்ரூஃபோவிடம் சொன்னார். ஆனால் வெளியீட்டுக்கு முந்தைய கட்டத்தில் அவரே தடுமாறி அந்தக் காட்சியை வெட்டிவிட நினைத்தார்; அது படத்தில் நிலைத்ததற்குப் பாரமவுண்ட் நிறுவனத்தின் தலைமை வற்புறுத்தியதும் காரணம். அந்தக் காட்சி இல்லாத வெர்டிகோவைக் கற்பனை செய்து பாருங்கள். ஜூடி யார் என்று நமக்கும் தெரியாது. ஸ்காட்டியோடு சேர்ந்து நாமும் அவளை உற்றுப் பார்ப்போம், ஒற்றுமையைத் தேடுவோம், தலைமுடி இன்னும் சரியாக இல்லையே என்று நினைப்போம், கடைசியில் கார்லோட்டாவின் ஓவியத்தில் இருந்த கழுத்தணியை ஜூடியிடம் கண்டதும் அவனோடு சேர்ந்தே அவளைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவோம். மல்வி விவரித்த இயந்திரம் எந்த இடையூறும் இன்றி ஓடியிருக்கும்.

கடிதத்துக்குப் பிறகு அப்படிப் பார்க்க நமக்கு வழியில்லை. படத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் நாயகனைவிட நமக்கு அதிகம் தெரியும், நமக்குத் தெரிந்தது எல்லாம் அவளுக்கும் தெரியும். விடுதிப் பெயர்ப்பலகையின் பச்சை ஒளியில், சாம்பல் நிற உடையும் பின்னுக்குச் சுருட்டிய பொன்னிறக் கொண்டையுமாக அவள் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது, ஸ்காட்டி காண்பது இறந்தவள் திரும்பி வந்த அற்புதத்தை. நாம் காண்பதோ தன்னை ஜூடியாகவே அவனை நேசிக்க வைக்கலாம் என்று கடிதத்தைக் கிழித்த ஒருத்தி தோற்றுப்போனதை. ஒரே பிம்பத்தை இரண்டு அறிவுகளோடு பார்க்க நேர்கிறது. அந்த முத்தக் காட்சியின் அழகும் பெர்னார்ட் ஹெர்மனின் இசையும் சற்றும் குறைவதில்லை. அவற்றின் விலை என்ன, அதைக் கொடுத்தவள் யார் என்பது மட்டும் இப்போது தெரிந்திருக்கிறது.

மல்வி இந்தக் காட்சியை ஏன் இவ்வளவு விரைவாகக் கடந்தார் என்று நான் யோசித்ததுண்டு. அவர் எழுதிய கட்டுரை ஒரு போர்க்குரல். ஹாலிவுட் தரும் இன்பத்தைப் பகுத்துக் குலைப்பதே தன் நோக்கம் என்று அதிலேயே அறிவிக்கிறார். விதிவிலக்குகளை எண்ணிக்கொண்டிருக்க அதில் இடமில்லை. இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கலாம். எழுபதுகளில் விநியோகத்திலிருந்து விலக்கப்பட்டு 1983-84இல் மீண்டும் திரைக்கு வந்த ஐந்து ஹிட்ச்காக் படங்களுள் வெர்டிகோவும் ஒன்று. இன்று நாம் செய்வதுபோல, ஜூடி கேமராவைப் பார்க்கும் அந்த நொடியில் படத்தை நிறுத்தி அவள் முகத்தை ஆராய அன்றைய விமர்சகர்களுக்கு வாய்ப்பில்லை. படத்தை நிறுத்தியும் திருப்பியும் பார்க்கும் பார்வையாளரைப் பற்றி மல்வியே 2006இல் ஒரு முழு நூல் எழுதினார்.

கோட்பாட்டின் பின்வந்த வளர்ச்சிகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது மேரி ஆன் டோனின் 1982ஆம் ஆண்டுக் கட்டுரை. ஹாலிவுட்டில் மூக்குக்கண்ணாடி அணிந்த பெண்ணைப் பற்றி அவர் எழுதுகிறார்: கண்ணாடி அணிந்தவள் பார்ப்பவள், ஆகவே விரும்பத் தகாதவள், அதைக் கழற்றியதும் அவள் அழகியாகிவிடுவாள். வெர்டிகோவில் கண்ணாடி அணிந்தவள் ஸ்காட்டியின் தோழி மிட்ஜ். ஓவியம் தெரிந்தவள், சொந்தமாகச் சம்பாதிப்பவள், ஸ்காட்டியை நேசிப்பவள், படத்தில் உள்ள அனைவரையும்விடத் தெளிவாகச் சிந்திப்பவள். கார்லோட்டாவின் ஓவியத்தைப் போலவே ஒன்று வரைந்து, அந்த உடலின் மேல் கண்ணாடி அணிந்த தன் முகத்தை வைத்து அவனிடம் காட்டுகிறாள். பார்க்கப்படும் பெண் திரும்பிப் பார்க்கிறாள் என்பதை ஒரே ஓவியத்தில் சொல்லிவிடுகிறாள் அவள். ஸ்காட்டியால் அதைத் தாங்க முடியவில்லை, எழுந்து போய்விடுகிறான். தனியாக நிற்கும் மிட்ஜ் தன்னையே திட்டிக்கொண்டு அந்த ஓவியத்தின் மேல் தூரிகையை இழுத்துச் சிதைக்கிறாள். மருத்துவமனைக் காட்சிக்குப் பிறகு, நாம் வழக்கமாகப் பார்க்கும் பிரதியில் அவள் மீண்டும் வருவதே இல்லை.

ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) பற்றி இங்கு அதிகம் சொல்லப் போவதில்லை. கால் முறிந்து நாற்காலியில் கிடக்கும் புகைப்படக்காரன் எதிர்வீடுகளை உளவு பார்ப்பதையே எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே நடந்த கொலையைத் துப்புத்துலக்கியது அவன் காதலி லிசாவின் அறிவு என்பதை மாட்லெஸ்கி நினைவூட்டினார். கைப்பையையும் திருமண மோதிரத்தையும் விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் பயணம் போக மாட்டாள் என்பது அவளுக்குத் தெரிகிறது. தொலைநோக்கி வில்லையை வைத்திருப்பவனுக்கு அது தோன்றவில்லை. படத்தின் இறுதியில் அவன் தூங்குகிறான், அவள் விழித்திருக்கிறாள்.

மல்வியின் மீது வைக்கப்பட்ட மறுப்புகளில் நான் தவிர்க்க முடியாததாகக் கருதுவது கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸுடையது. அடிமைகள் நிமிர்ந்து பார்த்ததற்காகவே தண்டிக்கப்பட்ட வரலாற்றிலிருந்து தொடங்கி, கறுப்பினப் பெண்கள் ஹாலிவுட் படத்தில் பார்க்கும் வெள்ளை ஆணோடும் பார்க்கப்படும் வெள்ளைப் பெண்ணோடும் தம்மை இணைத்துக்கொள்ளாமல், எதிர்த்துப் பார்க்கும் ஒரு பார்வையை வளர்த்துக்கொண்டார்கள் என்று 1992இல் அவர் எழுதினார். 'பெண்' என்று ஒற்றைச் சொல்லில் பேசிய கோட்பாடு எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியது என்ற கேள்வியை அவர் எழுப்பினார். இந்தக் கேள்வி நமக்கும் நெருக்கமானது. கே. சங்கர் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்து 1965இல் வந்த 'கலங்கரை விளக்கம்' வெர்டிகோவின் கதையைத் தழுவியது. கார்லோட்டாவின் இடத்தில் அங்கே பல்லவர் காலத்துச் சிவகாமி வருகிறாள். நோவாக்கைப் பற்றி எழுதப்பட்டதை அப்படியே எடுத்துச் சரோஜாதேவியின் மேல் பொருத்திவிட முடியாது. நம் அரங்கில் யார் எங்கே அமர்ந்து யாரைப் பார்த்தார்கள் என்பது தனியே ஆராய வேண்டிய வரலாறு.

நோவாக்கின் கதையும் இதில் உண்டு. மேரிலின் பவுலின் நோவாக் என்ற பெயரோடு ஹாலிவுட்டுக்கு வந்தவரைக் கொலம்பியா நிறுவனம் 'கிம்' ஆக்கியது. இந்தப் படத்துக்கு முதலில் தேர்வானவர் வேரா மைல்ஸ். அவர் கருவுற்றதால் நோவாக் அந்த இடத்துக்கு வந்தார். சாம்பல் உடையையும் கறுப்புக் காலணியையும் அவர் விரும்பவில்லை, ஹிட்ச்காக் விட்டுக்கொடுக்கவில்லை. தன்னை வேறொருத்தியாக மாற்றச் சொல்லும் உலகத்துக்குள் வாழ்ந்ததால் ஜூடியைத் தன்னால் புரிந்துகொள்ள முடிந்தது என்று பின்னாளில் நோவாக் சொன்னார். கடிதக் காட்சியில் அவர் முகத்தில் தெரிவது நடிப்புத் திறமைதான். அந்தத் திறமை எந்த அனுபவத்திலிருந்து வந்தது என்பதையும் இது காட்டுகிறது.

'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் 2012இல் நடத்திய வாக்கெடுப்பில் வெர்டிகோ உலகின் தலைசிறந்த படமாகத் தேர்வானது. 2022இல் அது இரண்டாமிடத்துக்குப் போனது. முதலிடம் பெற்றது ஷந்தால் அகர்மான் இயக்கிய 'ஜான் டீல்மான்'; மல்வியின் கட்டுரை வந்த அதே 1975ஆம் ஆண்டின் படம். ஒரு பெண் சமைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் மூன்று மணி நேரத்துக்கு மேலாக அசையாத கேமராவால் காட்டும் அந்தப் படம் முதலிடம் பெற்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். வெர்டிகோவைக் கைவிட வேண்டும் என்று அதனால் ஆகிவிடாது.

ஆனால் வெர்டிகோவிடம் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. எல்ஸ்டர் தன் நண்பனிடம் பழைய சான் பிரான்சிஸ்கோவைப் பற்றி ஏங்கும்போது அதிகாரம், சுதந்திரம் என்ற சொற்களைப் பயன்படுத்துகிறான். பழைய புத்தகக் கடைக்காரர் கார்லோட்டாவின் கதையைச் சொல்லும்போது அதே சொற்கள் வருகின்றன: பணக்காரன் ஒருவன் அவளிடமிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு அவளைத் தூக்கியெறிந்தான், அக்காலத்து ஆண்களுக்கு அதற்கான அதிகாரமும் சுதந்திரமும் இருந்தன. மணிக்கூண்டின் உச்சியில் ஸ்காட்டி, மனைவியின் பணத்தோடு எல்ஸ்டருக்குக் கிடைத்ததைச் சொல்லும்போது மூன்றாம் முறையாக அவை ஒலிக்கின்றன. பார்வைக்குப் பின்னால் சொத்து இருக்கிறது என்பதைப் படம் இவ்வளவு கவனமாகச் சொல்லிவைத்திருக்கிறது. இருந்தும் அந்தச் சொத்துக்கு உரியவளான உண்மையான மேடலினுக்கு, கப்பல் கட்டும் தொழிலின் வாரிசாக இருந்து கணவனால் கொல்லப்பட்ட பெண்ணுக்கு, படத்தில் ஒரு வாழ்க்கையே இல்லை. கூண்டிலிருந்து எறியப்படும் உடலாக ஒருமுறை, கூரையில் கிடக்கும் பிணமாக ஒருமுறை வருகிறாள், அவ்வளவுதான். அவள் எதையும் பார்ப்பதில்லை. அவளையும் யாரும் ஆசையோடு பார்ப்பதில்லை. ஸ்காட்டியின் கோபமும்கூடத் தன்னை ஏமாற்றியதற்காகவும், தனக்கு முன்பே வேறொருவன் ஜூடியை வடிவமைத்துவிட்டான் என்பதற்காகவுமே பெரும்பாலும் எழுகிறது. கொலையுண்டவளுக்காக அந்தப் படிக்கட்டில் யாரும் துயரப்படுவதில்லை. ஜூடியின் கடிதத்தில்தான், தான் உடந்தையாக இருந்ததை ஒப்புக்கொள்ளும் வரிகளில்தான், அந்தப் பெண் கொல்லப்பட்டாள் என்ற உண்மை குற்றமாகவே சொல்லப்படுகிறது. அந்த வரிகள் எழுதப்பட்ட காகிதமும் கிழிந்துபோகிறது. ஸ்காட்டி அதை ஒருபோதும் படிப்பதில்லை.